பதினாறாம் குழியில் பதினாலாம் குழாய்

காதுக்காரர் என்று கேட்டால் அந்தப் பட்டறைத் தெருவில் யாரும் கை காட்டிவிடுவார்கள். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் விழிப்பார்கள். தேவாலயங்களில் இருக்கும் பழைய பைப் ஆர்கன்களைக் கழற்றி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, குழாய்களின் ஒடுக்கு எடுத்து, துருத்திக்குப் புதுத் தோல் ஒட்டி, தூசியும் எலிப் புழுக்கையும் வாரிக் கொட்டி, திரும்பக் கொண்டுபோய் நிறுத்திக் கொடுக்கும் பட்டறை அது. அதில் மனுஷனுக்கு முப்பத்தெட்டு வருஷ வேலை. காது அப்படிப்பட்ட காது. தெருமுனையில் பஸ் பிரேக் போட்டால், "நேத்தைக்கு இன்னைக்கு அரை சுரம் இறங்கிடுச்சு, பிரேக் கட்டையை மாத்தச் சொல்லணும்" என்பார். மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது வாசல் கதவு கிறீச்சிட்டது. எண்ணெய் கேட்டு வாங்கிக் கீலுக்கு விட்டபிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை வந்திருக்கிறாரா, மெக்கானிக் வந்திருக்கிறாரா என்று அந்த வீட்டில் குழம்பிப்போனார்கள்.

இப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் தினமும் காலையில் என்ன கேட்டார் தெரியுமா? அவர் மனைவி அடுப்படியில் ஒரு பாட்டு முணுமுணுப்பார். ஆராதனை முடிகிறபோது ஊரே சேர்ந்து பாடும் பாட்டு. முதல் வரி சுத்தம். இரண்டாம் வரி அதைவிடச் சுத்தம். மூன்றாம் வரியில், ஒரு படி மேலே ஏற வேண்டிய இடத்தில் கீழே இறங்கி, கீழே இறங்க வேண்டிய இடத்தில் மேலே ஏறி, வாசற்படியில் தடுக்கி விழுந்த மாதிரி ஒரு குலுக்கல். முப்பத்தஞ்சு வருஷமாக, ஒருநாள் தவறாமல், அதே இடத்தில் அதே குலுக்கல். பஸ்ஸுக்கே பிரேக் கட்டை மாற்றச் சொல்கிற ஆள், வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார்.

ஏனென்றால் அந்தத் தப்பு அவர் மனைவியின் தப்பு இல்லை. ஊரின் தப்பும் இல்லை. சாட்சாத் இவரே செய்த தப்பு.

நடந்தது இதுதான். பட்டறையில் சேர்ந்து இரண்டே வருஷம் ஆகியிருந்த சமயம். ஊர்த் தேவாலயத்து ஆர்கனைப் பழுது பார்த்து, திரும்ப நிறுத்தி, சுருதி எல்லாம் சேர்த்தாகிவிட்டது. மறுநாள் காலை திறப்பு. பெரிய முதலாளி பல்வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இவர் ஒருத்தர்தான் ஏணிமேல் உட்கார்ந்து, கடைசியாக ஒரு துடைப்பு துடைத்துவிட்டு, கையோடு அங்கேயே மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துக்கொள்ளலாம் என்று டப்பாவைத் திறந்தார். முட்டை வடிவ டப்பா. அதன் மூடி கையிலிருந்து வழுக்கி, முகப்புக் குழாய்களுக்கு நடுவில் விழுந்து, டிங் டிங் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டது.

ஆர்கனுக்குள் மூடி கிடந்தால் என்ன ஆகும்? காற்று போகும்போதெல்லாம் அதிரும். அதனால் அதை எடுக்க முகப்பில் இருந்த இரண்டு குழாய்களைக் கழற்றினார். பதினாலாம் எண்ணும் பதினாறாம் எண்ணும். அந்த ஆர்கனில் இரட்டைப்படைக் குழாய்கள் எல்லாம் வலப்பக்கம், ஒற்றைப்படை இடப்பக்கம் என்று நிற்கும். ஆகவே பதினாலுக்குப் பக்கத்தில் பதினாறுதான். முகப்புக் குழாய்களைப் பார்வைக்கு ஒரே உயரமாகச் செய்து, பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அளவாக வெட்டிவிட்டிருப்பார்கள். முன்னால் இருந்து பார்த்தால் ரெட்டைப் பிள்ளைகள். கையை விட்டுத் துழாவினார். மூடி கிடைக்கவில்லை, இன்னும் கீழே போய்விட்டது. சரி, தொலையட்டும் என்று குழாய்களைத் திரும்ப நிறுத்தினார். பதினாலைப் பதினாறாம் குழியில். பதினாறைப் பதினாலாம் குழியில். நிறுத்திவிட்டு மூடி இல்லாத டப்பாவோடு ஏணியை விட்டு இறங்கி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் தேவாலயம் நிரம்பி வழிந்தது. மற்றப் பாட்டுகளில் எல்லாக் குழாய் வரிசைகளும் சேர்ந்து முழங்கியதால் இந்த இரண்டும் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துகொண்டன. கடைசிப் பாட்டின் மூன்றாம் வரிக்கு மட்டும் மற்றதையெல்லாம் அடக்கிவிட்டு முகப்பு வரிசையைத் தனியாக ஒலிக்க விடுவது அங்கே வழக்கம். ஒலிக்க விட்டார்கள். ஊர் ஒரு பக்கம் ஏறியது, ஆர்கன் ஒரு பக்கம் இறங்கியது. பின்வரிசையில் நின்ற காதுக்காரருக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

ஆனால் அடுத்து நடந்ததுதான் அநியாயம். பாடகர் குழுவை நடத்தும் பாட்டு வாத்தியார் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். "பாருங்க, இத்தனை பாடுபட்டு ஆர்கனைச் சரி பண்ணிக் கொண்டுவந்திருக்காங்க. இப்பதான் அது சரியாப் பேசுது. இவ்வளவு நாள் நாமதான் தப்பாப் பாடிக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார். ஊரே வெட்கப்பட்டுத் தலையாட்டியது. அடுத்த வாரத்துக்குள் எல்லாரும் மூன்றாம் வரியைத் திருத்திப் பாடப் பழகிவிட்டார்கள்!

காதுக்காரர் சும்மா இருக்கவில்லை. அந்த வாரமே ஒரு சாயங்காலம், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனார். இரண்டே நிமிஷ வேலை. தூக்கி மாற்றி வைத்தால் முடிந்தது. உள்ளே காலை வைத்தால், பாடகர் வரிசையில் ஒரு பெண் தனியாக நின்று அந்த மூன்றாம் வரியைப் பாடிப் பழகிக்கொண்டிருந்தாள். தப்பாகத்தான். ஆனால் அந்தக் குரல்! அவள் இறங்கிய இடத்தில் இறங்கத் தோன்றியது, ஏறிய இடத்தில் ஏறத் தோன்றியது. கருவிப் பையைத் திறக்காமலே திரும்பி வந்துவிட்டார். அடுத்த வருஷம் அவளையே கல்யாணம் செய்துகொண்டார். அதற்கப்புறம் எங்கே மாற்றுவது? வருஷாவருஷம் சுருதி பார்க்கப் போகும்போது வேறு யாரையும் அனுப்ப விடாமல் தானே தனியாகப் போவார். எல்லாக் குழாயையும் பார்ப்பார். அந்த இரண்டை மட்டும் தூசி தட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிடுவார்.

இதில் ஒரு பாவமும் சேர்ந்துகொண்டது. மனைவிக்கு ஓர் அக்கா. வேறு ஊரில் வாக்கப்பட்டவர். அங்கே தேவாலயத்தில் அதே பாட்டைச் சரியாகப் பாடுகிறார்கள். ஒரு குடும்ப விசேஷத்தில் சகோதரிகள் இருவரும் சேர்ந்து பாட, மூன்றாம் வரியில் முட்டிக்கொண்டார்கள். "நீ தப்பாப் பாடுறேடி" என்றார் அக்கா. "எங்க ஊர்ல ஆர்கனே சொல்லுது, நீ சொல்ல வந்துட்டியா?" என்றார் இவர் மனைவி. பேச்சு வளர்ந்தது. சின்ன வயதில் யார் யாருடைய ரிப்பனைத் தொலைத்தார்கள் என்பது வரை போனது. அக்கா அழுதுகொண்டே எழுந்து போய்விட்டார். அதோடு பேச்சுவார்த்தை நின்று பதினெட்டு வருஷம். அந்த அறையில் இவரும் இருந்தார். கையில் தட்டை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

இப்படியிருக்க, காதுக்காரர் ஓய்வுபெறப் போகிற வருஷத்தில் அதே ஆர்கன் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. துருத்தி கிழிந்து மூச்சு வாங்குகிறது, முழுசாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று. வண்டியிலிருந்து குழாய்களை இறக்கும்போதே அவர் முடிவு செய்துவிட்டார். இதுதான் கடைசி வேலை. இதில் அந்த இரண்டையும் சரியான குழியில் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் நாளெல்லாம் அந்தக் குலுக்கல் தன்னைத் தின்றுவிடும் என்று அவருக்குத் தோன்றியது.

அங்கேதான் வந்து நின்றார் முத்திரைக்காரர். புராதனப் பொருள் பாதுகாப்பு அலுவலகத்து அதிகாரி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆர்கனைப் பதிவேட்டில் ஏற்றியவர். கையில் அரக்கு, நூல், அட்டைக் கட்டு. வாயில் ஒரே மந்திரம்: "இருந்தது இருந்தபடி." பிரித்துப் போட்ட ஒவ்வொரு சாமானுக்கும் அட்டை கட்டி அரக்கு வைத்தார். துருத்திக்குள் இருந்த எலிக்கூட்டுக்கு அட்டை. எவனோ எப்போதோ மறந்துவிட்டுப்போன மூக்குக்கண்ணாடியின் ஒற்றைக் கண்ணுக்கு அட்டை. பட்டறையில் பசை காய்ச்சும் சட்டியை ஒருநாள் தவறுதலாக அந்த மேசைமேல் வைத்துவிட்டார்கள். மறுநாள் அதற்கும் அட்டை. பசை வேண்டுமானால் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு அள்ள வேண்டியதாயிற்று.

காற்றுப்பெட்டியின் அடியில், முப்பத்தாறு வருஷத் தூசிக்குக் கீழே, அந்த மூடியும் கிடைத்தது. முத்திரைக்காரர் அதை இடுக்கியால் எடுத்து, பட்டுத் துணிமேல் வைத்து, வெகுநேரம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு அட்டையில் எழுதினார்: "எதிரொலித் தகடு. முட்டை வடிவம். ஆர்கனை உருவாக்கிய கலைஞரின் ரகசிய உத்தியாக இருக்கலாம்."

காதுக்காரருக்குத் தாங்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனார்.

"சார், அந்தப் பதினாலும் பதினாறும் இடம் மாறி நிக்குது. இந்தத் தடவை சரி பண்ணி வச்சிடறேன்."

"மாறி நிக்கலை பெரியவரே. மாத்தி நிறுத்தியிருக்கு" என்றார் முத்திரைக்காரர். "தற்செயலா ஒண்ணு மாறலாம். ரெண்டும் எப்படி மாறும்? அதுவும் ஒண்ணோட இடத்துல சரியா இன்னொண்ணு! இது மேதை செஞ்ச வேலை. நானே இதைப் பத்தி நாப்பது பக்கம் எழுதியிருக்கேன்."

"மேதையெல்லாம் இல்ல சார். செஞ்சது நான்தான்."

முத்திரைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "சாட்சி?"

"அதோ, உங்க மேசைமேலயே இருக்கே. அது என் சாப்பாட்டு டப்பா மூடி. அதை எடுக்கத்தான் குழாயைக் கழட்டினேன்."

"அது எதிரொலித் தகடு."

"சார், அது மூடி சார்!"

"இத பாருங்க" என்று முத்திரைக்காரர் அவர் தோளில் கை போட்டார். "போன வருஷம் வேற ஒரு இடத்துல ஒரு மணிக்கூண்டு சாய்ஞ்சிருக்கறதுக்குத் தான்தான் காரணம்னு ஒருத்தர் வந்து நின்னார். ஒரு பெரிய வேலைன்னா ஆளாளுக்கு உரிமை கொண்டாட வந்துடறாங்க. உங்களுக்கு ஓய்வு வரப்போகுது. மனசு அலைபாயும். போய் ஒரு காபி குடிங்க."

செய்த தப்பை ஒத்துக்கொண்டால் அடி விழும் என்று பயந்து முப்பத்தாறு வருஷம் ஒளித்து வைத்திருந்தவர், ஒத்துக்கொண்டால் பெருமை தேடுகிறான் என்று பெயர் கிடைக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை. ஆனாலும் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். குழாயை நிறுத்தப்போவது நான். இந்த ஆள் ஏணியில் இரண்டு படி ஏறினால் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார். மேலே வந்து எந்தக் குழியில் எது நிற்கிறது என்று எங்கே பார்க்கப்போகிறார்? நிறுத்துகிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த நினைப்பில் இரண்டு வாரம் சந்தோஷமாகவே வேலை செய்தார். குழாய்களை மர உருளையில் மாட்டி ஒடுக்கு எடுத்தார். ஒவ்வொன்றையும் வாயால் ஊதிப் பார்த்தார். பதினாலை ஊதும்போது மட்டும், "கொஞ்சம் பொறுத்துக்கோ, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று காதோடு சொன்னார்.

ஒருநாள் அவசரத்தில் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டார். மனைவியே மத்தியானம் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். அதே முட்டை வடிவ டப்பாதான். கல்யாணமாகி வந்த நாளாக மூடி இல்லாத டப்பா. "இதோட மூடி எங்கங்க?" என்று ஆரம்ப காலத்தில் கேட்டுப் பார்த்தார். "தொலைஞ்சுபோச்சு" என்று பதில். முட்டை வடிவத்துக்கு வேறெந்த மூடியும் பொருந்தாது. "டப்பா நல்லாத்தானே இருக்கு, எதுக்குத் தூக்கிப் போடணும்" என்று ஒரு சாஸரைக் கவிழ்த்து, துணியால் இறுக்கிக் கட்டி, முப்பத்தஞ்சு வருஷம் அதிலேயே அனுப்பினார். குழம்பு ஒழுகாத நாள் கிடையாது.

முத்திரைக்காரரின் மேசையைத் தாண்டிப் போகும்போது அந்த அம்மாள் நின்றார். பட்டுத் துணியைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். சாஸரைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். எதிரொலித் தகட்டை எடுத்து டப்பாமேல் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு. டக் என்று உட்கார்ந்தது.

"தொடாதீங்க!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார் முத்திரைக்காரர். வந்தவர் டப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றார். முகம் மலர்ந்தது. கண்ணில் நீர் கட்டியது. "கிடைச்சிருச்சு! மீதிப் பாகம் கிடைச்சிருச்சு! அம்மா, இது உங்ககிட்ட எப்படி வந்தது?"

"எங்க வீட்டு டப்பா. உள்ள இவருக்குச் சாப்பாடு இருக்கு."

"இருக்கட்டும். இருந்தது இருந்தபடி" என்று சொல்லி, சாப்பாட்டோடு சேர்த்து நூல் கட்டி, அரக்கு உருக்கி ஊற்றினார். அட்டையில் எழுதினார்: "எதிரொலிக் கலம். பின்னாளில் பிரிக்கப்பட்டு மீண்டும் சேர்ந்தது. உள்ளடக்கம் ஆய்வில்." உள்ளடக்கத்தை வெளியே எடுக்க மேலிடத்து அனுமதி வருவதற்கு ஒன்பது நாள் ஆனது. நான்காம் நாளிலிருந்து பட்டறையில் யாரும் அந்த மேசைப் பக்கம் போகவில்லை.

அம்மாள் கணவரைப் பின்பக்கம் மரப்பலகை அடுக்கியிருந்த இடத்துக்குக் கூட்டிப் போனார். "உங்க மூடி ஆர்கனுக்குள்ள எப்படிப் போச்சு?" என்று கேட்டார். அவ்வளவுதான். முப்பத்தாறு வருஷமாக நெஞ்சில் அடைத்து நின்றது கொட்டிவிட்டது. மூடி, குழாய், பல்வலி, பாட்டு வாத்தியார், கருவிப் பையோடு வந்தது, அவள் பாடியது, திரும்பிப் போனது, இந்தத் தடவை எப்படியும் சரி பண்ணிவிட இருப்பது, எல்லாவற்றையும் சொன்னார்.

மனைவி சிரித்துவிடுவார் என்று காதுக்காரர் எதிர்பார்த்தார். அல்லது நாலு திட்டு திட்டுவார். அந்த அம்மாள் பலகைமேல் உட்கார்ந்தார்.

"அப்ப அக்கா பாடினதுதான் சரியா?"

"ம்."

"அவ அழுதுட்டே எழுந்து போனப்ப நீங்க அங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"தட்டைப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

"நீ பாடினா எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார், மெல்ல.

"உங்களுக்கு நல்லா இருந்துச்சான்னு கேக்கல. தப்புன்னு தெரிஞ்சே தினம் காலைல கேட்டுட்டு உக்காந்திருந்தீங்களே, என்னைப் பைத்தியக்காரின்னு நெனச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையிலிருந்து வீட்டில் பாட்டு நின்றது.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். சோறு போடாமல் விட்டிருந்தாலும் தாங்கியிருப்பார். எல்லாம் நேரத்துக்கு நடந்தது. பாட்டுதான் இல்லை. அந்தப் பாட்டு இருந்தவரை அவர் காதில் விழாத சத்தமெல்லாம் இப்போது விழுந்தது. குளிர்சாதனப் பெட்டி முனகியது. தண்ணீர்க் குழாய் சொட்டியது. தன் தாடை மெல்லுகிற சத்தம் தனக்கே கேட்டது. மனைவி துணி காயப்போட மாடிக்குப் போனால் ஒரு மணி நேரம் ஆனது. இருப்பதே ரெண்டு பேர், அதில் எவ்வளவு துணி? தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் மேலே போய் நிற்கிறாள் என்று நினைத்து உருகிப்போனார். அந்த மூன்றாம் வரிக்காக, அந்தக் குலுக்கலுக்காக, காது ஏங்கியது. தப்பை இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டிருந்ததாக அவர் நினைத்திருந்தார். அது இல்லாமல் இருக்க முடியவில்லை என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

ஆர்கனைத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்துகிற நாள் வந்தது. கடைசியாக மிச்சமிருந்தது அந்த இரண்டு குழாய்கள். கீழே முத்திரைக்காரர் ஏணியை முகம் வெளிறிப் பார்த்துக்கொண்டு, "இருந்தது இருந்தபடி!" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். மேலே காதுக்காரர் பதினாலாம் குழாயைத் தூக்கம் வந்த குழந்தையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். பதினாலாம் குழி இங்கே. பதினாறாம் குழி அங்கே. முப்பத்தாறு வருஷம் காத்திருந்த இரண்டு நிமிஷம்.

சரியாக நிறுத்தினால் நாளை என்ன ஆகும்? மூன்றாம் வரியை அவள்தான் முன்னால் நின்று எடுத்துக் கொடுப்பாள். இத்தனை வருஷமாக அந்த வரி அவளுடையது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் இறங்கும்போது ஆர்கன் ஏறும். ஊரார் முன்னால் அவளைத் தடுக்கி விழவைக்கிற முதல் ஆள் நானாக இருக்க வேண்டுமா? என் மனசாந்திக்கு அவள் தொண்டையையா பலி கேட்பது? வேண்டாம். தப்பு என்னோடு இருக்கட்டும். பாட்டு அவளோடு இருக்கட்டும்.

பதினாலைப் பதினாறாம் குழியில் நிறுத்தினார். பதினாறைப் பதினாலாம் குழியில் நிறுத்தினார். முதல் தடவை தெரியாமல் செய்ததை இந்தத் தடவை தெரிந்தே, குழியைத் துடைத்து, மட்டம் பார்த்து, ஆடாமல் அசையாமல் பக்குவமாகச் செய்தார். அப்புறம் டப்பாவை, கழுவிக் காயவைத்த டப்பாவை, முத்திரையோடு காற்றுப்பெட்டியின் அடியில் கொண்டுபோய் வைத்தார். பதிவேட்டில் அதன் இடம் அதுதானே!

திறப்பு நாள். துருத்தியைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி, காதுக்காரர் ஆர்கன் கூட்டுக்குள்ளேயே குழாய்களுக்குப் பின்னால் நின்றுகொண்டார். இடுக்கு வழியாகப் பார்த்தால் முன்வரிசையில் யார்? மனைவியின் அக்கா! பதினெட்டு வருஷமாக அந்த ஊர் மண்ணை மிதிக்காதவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர் எதற்கு வந்தார்? தங்கை தப்பாகப் பாடுவதைக் கேட்டுச் சிரிக்கவா?

கடைசிப் பாட்டு. முதல் வரி. இரண்டாம் வரி. மற்ற வரிசைகள் அடங்கின. முகப்பு வரிசை மட்டும் ஒலித்தது. அவர் மனைவி மூச்சை இழுத்தார். ஆர்கன் இறங்கியது.

அவர் மனைவி ஏறினார்.

சுத்தமாக, ஒரு படி, எங்கே ஏற வேண்டுமோ அங்கே. இரண்டு சுரமும் முட்டிக்கொண்டு தேவாலயமே அதிர்ந்தது. அம்மாளின் கண்கள் நிமிர்ந்து குழாய் இடுக்கைத் தேடின. அங்கே பேயறைந்த மாதிரி நின்ற கணவரைக் கண்டன. அந்த ஒரு பார்வையில் இருவருக்கும் புரிந்துவிட்டது. மனைவிக்காக இவர் தப்பாகவே வைத்திருக்கிறார். இவருக்காக மனைவி சரியாகப் பழகி வந்திருக்கிறார். மாடியில் துணி காயப்போட்ட அந்த ஒரு மணி நேரமெல்லாம் போனில் அக்காவைக் கூப்பிட்டு, "நீ பாடினதுதான் சரி, எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேட்டுப் பாடம் செய்திருக்கிறார். அந்த அழுத்தக்காரி, அக்காவிடம், அப்படிக் கேட்டிருக்கிறாள்! காதுக்காரர் துருத்தியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அம்மாள் விடவில்லை. ஆர்கனும் விடவில்லை. ஊர் வழக்கம்போல இறங்கியது. முன்வரிசையில் அக்கா எழுந்து நின்று தங்கையோடு சேர்ந்து ஏறினார். இரண்டு பெண்கள் ஒரு பக்கம், ஊரும் ஆர்கனும் ஒரு பக்கம் என்று அந்த வரி முடிந்தது.

எழுபத்தாறு வயதான பாட்டு வாத்தியார் கைத்தடியை ஊன்றி எழுந்தார். தொண்டையைச் செருமினார். காதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாருங்க" என்றார் வாத்தியார். "இத்தனை பாடுபட்டுச் சரி பண்ணிக் கொண்டுவந்ததுக்கு அப்புறம்தான் இது வெளியே வருது. இந்த வரிக்கு ரெண்டு குரல் இருந்திருக்கு. இவ்வளவு நாள் நாம பாதியைத்தான் பாடிக்கிட்டு இருந்திருக்கோம்."

ஊரே வெட்கப்பட்டுத் தலையாட்டியது. முத்திரைக்காரர் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து எழுத ஆரம்பித்தார். இன்றைக்கும் அந்தத் தேவாலயத்தில் மூன்றாம் வரி வந்தால் இடப்பக்கத்தார் ஏறுகிறார்கள், வலப்பக்கத்தார் இறங்குகிறார்கள். வெளியூர்க்காரர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.

மறுநாள் காலை காதுக்காரர் வேலைக்குப் போக வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தார். அக்காவும் அங்கேதான் தங்கியிருந்தார்.

"அக்கா, தப்பு என்னோடது. அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லாம உங்க ரெண்டு பேரையும் பிரிச்சுட்டேன். மன்னிச்சிடுங்க" என்றார்.

"போங்க மாப்பிள்ளை" என்றார் அக்கா. "பதினெட்டு வருஷத்துக்கும் சேர்த்து ரெண்டு வாரம் போன்ல திட்டித் தீர்த்தாச்சு. உங்களையுந்தான்."

மனைவி அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். "எதுக்குங்க மறுபடியும் மாத்தி வச்சீங்க? சரி பண்ணணும்னுதானே துடிச்சீங்க?"

"நீ பாடாம இருந்தியே. இந்த வீட்டுல இருக்க முடியல என்னால."

அம்மாள் கரண்டியை வைத்தார். மெதுவாகப் பாட்டு ஆரம்பித்தது. முதல் வரி. இரண்டாம் வரி. அக்காவும் சேர்ந்துகொண்டார். மூன்றாம் வரி வருகிற இடத்தில் இருவரும் நிறுத்தினார்கள். மனைவி திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க? உங்க குரல் எங்க? உங்க தப்பை நீங்கதான் பாடணும்."

"நானா? எனக்குப் பாட வராதும்மா."

"தெரியும். பாடுங்க."

அறுபது வயதில், வாழ்க்கையில் முதல்தடவையாகக் காதுக்காரர் வாயைத் திறந்து பாடினார். இறங்க வேண்டாத இடத்தில் இறங்கினார், ஏற வேண்டாத இடத்தில் ஏறினார். குரல் கதவுக் கீல் மாதிரிதான் இருந்தது. சகோதரிகள் இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே ஏறி அவரோடு சேர்ந்து பாடினார்கள்.